தீயணைப்புக்காரருக்கு எழுதிய வால்ஸ்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த முறை பனியைப் பற்றியும் இல்லை, ஆறுமாத இருட்டைப் பற்றியும் இல்லை. ஒரு தாளைப் பற்றி எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் அழுகிற ஆள் இல்லை. ஆகவே சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற ஹவுகெட்டோ ஸ்டேசனில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற சலவை நிலையத்தில் எனக்குப் பதினாறு வருடமாக வேலை. வீட்டுக்கு வந்தால் முதலில் நாரி நோவோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சப்பாத்தைக் கழற்றுவேன். அதற்கு முன்னமே என் மனைவி புவனா ஒரு தாளை நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, கலியாண புறோகிறாம் வந்திட்டுது. பிழை ஏதும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்ளை அறிவிக்கட்டாம்."

எங்களுக்கு ஒரே பிள்ளை, மயூரி. இருபத்திரண்டு வயது. பேர்கன் நகரில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. வாற கோடையில் கலியாணம். மாப்பிள்ளை பேர்கனில் வளர்ந்த எங்கள் பையன்தான். காலையில் ஐயர், தாலி, கூறை எல்லாம் எங்கள் முறைப்படி. மாலையில் நோர்வே நண்பர்களையும் அழைத்து ஒரு விருந்து. அந்த விருந்தை நடத்துவது மகளின் நோர்வேத் தோழி ஒருத்தி. நோர்வேக்காரர் நிமிடக் கணக்கு இல்லாமல் சிரிக்கவும் மாட்டார்கள். ஆறு மணிக்கு வரவேற்பு, ஆறரைக்குச் சாப்பாடு, ஏழே காலுக்கு மாப்பிள்ளையின் தகப்பன் பேச்சு, எட்டு மணிக்குக் கேக். எட்டரைக்கு மணமக்களின் வால்ஸ்.

வால்ஸ் என்றால் ஒன்று-இரண்டு-மூன்று என்று சுழன்று ஆடும் பழைய ஐரோப்பிய நடனம். ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்த நாட்டுக் கலியாணத்தில் முதலில் மணமக்கள் ஆடுவார்கள். அடுத்து மணமகளின் தகப்பன் எழுந்துவந்து மகளோடு ஆடவேண்டும். அது வழக்கம்.

அந்த இடத்தில் இப்படி இருந்தது: "மணமகளும் அம்மாவும். (அப்பா ஆடமாட்டார்: கலாசாரக் காரணங்கள். அப்பா: வீடியோ.)"

கோபமாகவோ குத்தலாகவோ எழுதவில்லை. அதற்கு மேலே, சாப்பாட்டுக்குப் பக்கத்தில், யார் யாருக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது என்று குறித்திருந்தார்கள். அதே எழுத்து, அதே கரிசனை. கச்சான் ஆகாத விருந்தாளிகள் மூவர், ஆட ஆகாத அப்பா ஒருவர்.

"பாத்தியளோ? வடிவாய்ப் போட்டிருக்கினம்" என்றாள் புவனா.

"எதை?"

"எல்லாத்தையும்தான்" என்று சொல்லிவிட்டுப் பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த 'கலாசாரக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களையும் முதன்முதல் எழுதியவன் நான்தான். ஆறு வருடங்களுக்கு முன்னர், என் கைப்பட.

2

இரண்டாயிரம் பிறந்த அடுத்த ஆண்டு அது. மயூரி பத்தாம் வகுப்பு. இங்கே பத்தோடு ஒரு பள்ளிக்கூடம் முடிந்து அடுத்தது தொடங்கும். முடிகிற ஆண்டின் குளிர்காலத்தில் எங்கள் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு நடன விழா வைத்தார்கள். பையன்கள் கோட், பெண்பிள்ளைகள் கவுன் மாதிரி நீளச் சட்டை. அதில் ஒரேயொரு நடனம் பெற்றோருக்கு. மகன் தாயோடு, மகள் தகப்பனோடு.

அதைச் சொல்லப் பெற்றோர் கூட்டம் ஒன்று கூட்டினார்கள். சங்கீதம் படிப்பிக்கிற சீக்ரி ரீச்சர் ஒரு பழைய இசைத்தாளின் பிரதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த நகரத்துக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரு நடன விழாவுக்கென்றே எழுதிய வால்ஸ் இது என்றார். பழைய நூலக அடுக்கொன்றில் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிவந்தது. அதற்குப் பிறகு அவர் நிறையச் சொன்னார். நான் கேட்கவில்லை. அரசர், பிரபுக்கள், வெள்ளைக் கையுறை, இதில் சலவைக்காரன் எனக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அந்தோனி அண்ணையின் பிடரி. மன்னார்க்காரர், எங்களுக்குப் பக்கத்துப் பியோர்ண்டாலில் இருக்கிறார். அவருடைய மகளும் மயூரியின் வகுப்பு. அந்தோனி அண்ணைக்கு ஒரு விஷயம் தெரிந்தால் வானொலியில் சொன்ன மாதிரி. எவன் வீட்டில் எவள் தலைமயிரை வெட்டினாள், எவன் மகன் காதில் தோடு குத்தினான், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய அவர் வாயில்தான் முதலில் வரும். அந்த வாய்க்குப் பயப்படாத தமிழன் ஒஸ்லோவில் அப்போது இல்லை.

ரீச்சர் சொன்னதில் ஒன்று மட்டும் என் காதில் விழுந்தது. தகப்பனின் ஒரு கை மகளின் கையில், மற்றக் கை மகளின் முதுகில். கேட்டதும் நான் திரும்பவும் அந்தப் பிடரியைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மயூரியின் பையில் ஒரு லாப் வந்தது. லாப் என்றால் துண்டுக் கடிதம். இந்த நாட்டில் அரசாங்கத்தை நடத்துவது அமைச்சர்கள் அல்ல, லாப்புகள். பிள்ளைக்குப் பல் பார்க்க ஒன்று, நீந்தப் போக ஒன்று, பேன் வந்திருக்கிறது என்று ஒன்று. இதில் இரண்டு பெட்டிகள் இருந்தன. தகப்பன் ஆடுவாரா? ஓம், இல்லை. இல்லையென்றால் காரணம் எழுத ஒரு கோடு.

"அப்பா, ஓம் எண்டதிலை போடுங்கோ" என்றாள்.

"என்ன பிள்ளை இது?"

"நாலு நிமிசம். நாலே நாலு நிமிசம் அப்பா. நானும் அம்மாவும் நீங்கள் வேலைக்குப் போகேக்கை பழகினனாங்கள். அம்மாதான் நீங்கள். அம்மாவுக்கு இப்ப உங்கடை கால் முழுக்கத் தெரியும். உங்களுக்கு அவ காட்டித் தருவா."

புவனா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் கையில் ஊசி நூல் இருந்தது. கருநீலத் துணியில் மகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். சுழன்றால் குடை மாதிரி விரியவேண்டும் என்று கீழ்ப்பக்கம் துணியை அள்ளி அள்ளி வைத்திருந்தாள்.

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்?" என்றேன்.

"எந்த ஊர்?" என்றாள் மயூரி.

எதிர்த்துக் கதைக்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அவள் ஊரை விட்டுப் புறப்படும்போது நாலு வயது. பதில் வராத இடத்தில் எனக்குப் பழமொழி வரும். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லைப் பிள்ளை" என்றேன்.

"அப்பிடியெண்டால்?"

விளக்கத் தொடங்கினேன். உலை என்றால் என்ன, அதற்கு மூடி ஏன், சனத்தின் வாய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு. பாதி தமிழ், பாதி என்னுடைய ஓட்டை நோர்வேஜிய மொழி. நான் விளக்கி முடியும்போது அவள் கேட்ட கேள்வி ஆறிப்போயிருந்தது. பழமொழிகளை நான் இவ்வளவு காலமும் எதற்குப் பாவித்தேன் என்று இப்போது யோசித்தால், பாதி நேரம் இதற்குத்தான்.

'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். காரணக் கோட்டில் 'கலாசாரக் காரணங்கள்' என்று நோர்வேஜிய மொழியில் எழுதினேன். எழுத்துப் பிழை வரக்கூடாது என்று அகராதி பார்த்து எழுதினேன். அந்தச் சொற்களின் வலிமை எனக்கு வேலைத்தலத்தில் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் நோர்வேக்காரரின் முகம் மெதுமையாகிவிடும், தலையாட்டுவார்கள், மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கோயில் மூலஸ்தானத் திரையை இழுத்து மூடின மாதிரி.

அந்தத் துண்டை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள்தான் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். தன் அப்பா ஏன் தன்னோடு ஆடமாட்டார் என்ற காரணத்தைத் தன் பையில் வைத்துத் தானே சுமந்துகொண்டு போனாள்.

இரண்டு நாளில் சீக்ரி ரீச்சரின் பதில் வந்தது. எங்கள் கலாசாரத்தை மதிப்பதாகவும், பிள்ளை தனியே நிற்க வேண்டி வராதபடி அந்த நடனத்தின்போது தனக்குப் பக்கத்தில் இருந்து பியானோத் தாளைப் புரட்டுவாள் என்றும், நாங்கள் இருவரும் கட்டாயம் வரவேண்டும் என்றும் கையால் எழுதியிருந்தார். மயூரி இரண்டு வருடம் பியானோ பழகியவள். நான் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

3

எந்தக் கலாசாரம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த லாப் வருவதற்கு மூன்றரை வருடம் முந்தி மயூரி பெரியபிள்ளையானாள். மண்டபம் எடுத்தோம். நானூறு பேர். பல்லக்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நாலு பேர் தூக்க, உள்ளே அவளை இருத்திக் கொண்டுவந்தோம். மூன்று முறை உடுப்பு மாற்றினோம். ஒவ்வொரு முறையும் புகை விட்டோம். இரண்டு வீடியோக்காரர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. காலையில் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வகுப்புப் பிள்ளையளைக் கூப்பிட வேண்டாம், பிளீஸ்" என்று அழுதாள். "ஒரு நாள்தானே குஞ்சு, அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள். பேந்து நீ என்ன கேட்டாலும் அப்பா செய்வன்" என்றேன். அவள் பொறுத்தாள். நானூறு பேருக்கு முன்னால் ஆறு மணித்தியாலம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்டது இந்த நாலு நிமிடத்தைத்தான்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது என் மாதிரி ஆட்களுக்குச் சொன்னது. மகள் பெரியவளானதை ஊருக்கெல்லாம் காட்ட எனக்கு ஆசை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் அவளின் கையைப் பிடித்ததே இல்லை. றோட்டைக் கடக்கும்போதும் பிடித்ததில்லை. பிடிக்கக்கூடாது என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

4

விழா மாலை ஆறு மணிக்கு. பள்ளியின் உடற்பயிற்சி மண்டபத்தில் கடதாசி விளக்குகள் தொங்கின. வாசலில் இருநூறு சோடி பனிச் சப்பாத்து. புவனா கதிரையில் இருக்க, நான் புதிதாக வாங்கிய வீடியோ கமெராவோடு சுவர் ஓரமாக நின்றேன். எங்கள் ஆட்களில் எந்தக் கொண்டாட்டத்திலும் கமெரா பிடிக்கிற ஒருவன் இருப்பான். அவனை எவரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பெற்றோர் நடனத்தை அறிவித்தார்கள். சீக்ரி ரீச்சர் பியானோவில் இருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் மயூரி. சுழன்றால் விரியவேண்டிய கருநீலச் சட்டை முக்காலியைச் சுற்றிச் சும்மா குவிந்துகிடந்தது.

இசை தொடங்கியது. தொடங்கியது என்றால் பாட்டு இல்லை. இடக்கையால் மட்டும் கீழ்ச்சுரத்தில் ஊம்-சா-சா, ஊம்-சா-சா என்று அதையே திரும்பத் திரும்ப. தகப்பன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நடுவுக்குப் போனார்கள். அப்போது என் கமெராவுக்குள் ஒரு பிடரி வந்தது. அந்தோனி அண்ணை! கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டுச் சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களுமோ?" என்றேன்.

"பின்னை? மன்னாரிலை ராசா வேசம் கட்டி விடியவிடியக் கூத்தாடினவன் நான். என்ர பிள்ளையோடை ஆட ஆரிட்டைத் தம்பி உத்தரவு கேக்க வேணும்? நீர் ஏன் உதைத் தூக்கிக்கொண்டு நிக்கிறீர்? கால் இல்லையோ?"

"இல்லை அண்ணை… எங்கடை கலாசாரத்திலை…"

"ஆற்றை கலாசாரத்திலை?" அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "போன கோடை காவடி எடுத்து றோட்டை மறிச்சு ஆடினது ஆர்? பொலிசெல்லே காரெல்லாத்தையும் நிப்பாட்டித் தந்தது. நான் பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்தனான். என்ன ஆட்டம்! என்ர மனிசிக்கும் காட்டினனான். காவடிக்காரன் வால்ஸுக்குப் பயந்தானாம். விடும்!"

அவர் போய்விட்டார். அவருடைய மகள் அவரின் இரண்டு கையையும் பிடித்து, "பாப்பா, இடது கால், இடது கால்!" என்று கத்தினாள். அண்ணை வலது காலை வைத்தார், மகளின் விரலை மிதித்தார், பக்கத்து நோர்வேக்காரனை இடித்தார். "மன்னிக்கோணும், இன்னும் பிறேக் பிடிபடயில்லை" என்று தமிழிலேயே அவனிடம் சொன்னார். அவனும் விளங்கின மாதிரிச் சிரித்தான். நான் யாருடைய வாய்க்குப் பயந்தேனோ அந்த வாய் முழுக்கப் பல்லாக இருந்தது.

எல்லோரும் சோடி சேர்ந்தாயிற்று. ஆனாலும் பாட்டு வரவில்லை. ஊம்-சா-சா போய்க்கொண்டே இருந்தது. சீக்ரி ரீச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். புருவத்தை மெல்ல உயர்த்தினார். மயூரியும் பார்த்தாள். இன்னும் ஒரு சுற்று வாசித்தார். பிறகு இன்னுமொரு சுற்று. ஆட்கள் சோடியாக நின்றபடியே அசைந்துகொண்டிருந்தார்கள்.

கமெராவைக் கீழே வைத்தால் போதும். பத்து அடி தூரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சூம் பண்ணினேன். மகளின் முகம் பெரிதாகி வந்து கண்ணாடிச் சதுரத்தை நிரப்பியது. அதில் ஒரு கேள்வி இருந்தது. அதையும் வடிவாகப் படம் பிடித்தேன்.

அவள் ரீச்சரைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையை ஆட்டினாள். கையை நீட்டித் தாளைப் புரட்டினாள். பாட்டு தொடங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது புவனா ஒன்றே ஒன்று கேட்டாள். "வீடியோ வடிவாய் வந்ததோ?"

"ஓம்" என்றேன்.

5

அந்த நாடாவை நான் பிறகு போட்டுப் பார்க்கவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை. அவள் வேறு எதையுமே என்னிடம் கேட்கவில்லை என்பதை இந்த ஆறு வருடத்தில் நான் கவனிக்கவும் இல்லை. லாப்புகளை அம்மாவிடம் கொடுத்தாள். பேர்கனுக்குப் படிக்கப் போவதை அம்மாவிடம் சொன்னாள். மாப்பிள்ளையின் பெயரையும் அம்மாதான் எனக்குச் சொன்னாள். பிள்ளைகள் இந்த நாட்டில் எங்களை விட்டு விலகுகிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் நானே எழுந்து பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். காரணம் நோர்வே என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூட்டங்களில் எனக்கு அந்தப் பழமொழி மட்டும் வாயில் வரவில்லை.

புதன்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அலுமாரியில் இருந்து கமெராப் பையை எடுத்தேன். நாடாவோடு மடித்த கடதாசி ஒன்றும் இருந்தது. பெற்றோர் எல்லோருக்கும் சீக்ரி ரீச்சர் கொடுத்த பிரதி. பழைய இசைத்தாளின் முகப்பு, பின்பக்கத்தில் காலடிப் படம். ஆறு வருடமாக நான் விரித்தே பார்க்காத தாள்.

முகப்பில் பூவேலை எழுத்துகளுக்கு நடுவில் கிரீடம் எதுவும் இல்லை. ஓர் ஏணி, ஒரு வாளி, ஒரு தலைக்கவசம். பழைய நோர்வேஜிய மொழி. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். தீயணைப்புக்காரரும் அவர்களின் மகள்மாரும் கூடுகிற குளிர்கால நடன விழாவுக்காக, படைப்பிரிவு ஒன்றின் வாத்தியத் தலைவர் எழுதிய வால்ஸ். பிரபுக்கள் எவருக்கும் எழுதியதல்ல. அடியில் சீக்ரி ரீச்சர் தன் கையால் பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கூட்டத்தில் அவர் சொல்லி, நான் கேட்காமல் விட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆட்கள் பகல் முழுக்கத் தண்ணீர் இழுக்கிறவர்கள், ஆடப் பழக நேரமில்லாதவர்கள், கூச்சக்காரர். ஆகவே அந்த மனிதர் பாட்டுக்கு முன்னால் எட்டு அளவு, அதாவது எட்டு ஊம்-சா-சா, வெறும் தாளத்தை மட்டும் வைத்து, 'எல்லோரும் வந்து சேரும்வரை திரும்ப வாசிக்கவும்' என்று எழுதிவிட்டார். அந்த வரிக்குக் கீழே ரீச்சர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

தீயணைப்புக்காரனின் கை எப்படி இருக்கும்? காய்த்து, வெடித்து, புகை மணத்தோடு இருக்கும். என் கையைப் பார்த்தேன். கொதிநீரும் சோடாவும் பட்டுப் பட்டு நகத்தடியெல்லாம் வெடித்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தியே செத்துப்போன, என்னை எந்தப் பிறப்பிலும் கண்டிராத ஒரு வெள்ளைக்காரன், என் மாதிரி ஒருவன் சுவரோரம் நின்று தயங்குவான் என்று யோசித்து அவனுக்காக எட்டு அளவு காத்திருந்திருக்கிறான். ரீச்சர் அதை எத்தனை தரம் திரும்ப வாசித்தார் என்று நாடாவைப் போட்டு எண்ணினேன். ஏழு தரம்.

6

வியாழக்கிழமை பேர்கனுக்கு அழைத்தேன். வழமையாக புவனாதான் அழைத்துக் கதைத்து முடியும்போது, "அப்பாவும் பக்கத்திலைதான்" என்று தருவாள். என் குரலைக் கேட்டதும் மயூரி பயந்துவிட்டாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லைப் பிள்ளை. புறோகிறாம் பாத்தன்."

"பிழை இருக்கோ?"

"ஒரு இடத்திலை."

"எங்கை?"

"எட்டரைக்கு."

"அது பிழையில்லையே அப்பா. நீங்கள்தானே எழுதினனீங்கள்."

"பொய் எழுதினனான் பிள்ளை. கலாசாரம் ஒண்டுமில்லை. எனக்குப் பயம். சனத்துக்குப் பயம். விழுந்திடுவன் எண்டு பயம்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அப்பவே. நீங்கள் காவடி ஆடுறதை நான் ஒவ்வொரு வருசமும் பாக்கிறனான்தானே அப்பா."

"தெரிஞ்சுகொண்டே ஏன் பிள்ளை திரும்பவும் அப்பிடிப் போடச் சொன்னனி?"

"அவையள் உங்களை ஆடக் கூப்பிட்டு, நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை வெட்கப்படக்கூடாது எண்டுதான்" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் பழகட்டோ?" என்று கேட்டேன்.

அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அதை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. "நான் அம்மாவைக் கேட்டிட்டன் அப்பா. அம்மா எவ்வளவு சந்தோசப்பட்டவ தெரியுமோ? அவவின்ர இடத்தை நான் திருப்பி வாங்கேலாது. நீங்கள் அம்மாட்டைக் கேளுங்கோ" என்றாள். நான் போனை வைக்கப் போனேன். "அப்பா, அந்தப் பாட்டு இன்னும் உங்களிட்டை இருக்கோ?" என்று கேட்டாள்.

"இருக்குப் பிள்ளை. வீடியோவிலை."

"ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தோழிக்கு மின்னஞ்சல் எழுதினேன். எட்டரை மணிக்கு ஒரு பிழை இருக்கிறது. 'கலாசாரக் காரணங்கள்' என்பதை நீக்கிவிடவும். 'அப்பாவுக்கு ஆடத் தெரியாது' என்பதே சரி. இந்தமுறை அகராதி பார்க்கவில்லை. இரண்டு எழுத்துப் பிழை இருந்ததாகப் பிறகு புவனா சொன்னாள்.

சனிக்கிழமை காலை புவனாவிடம் கேட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"என்ர இடத்தைத் தரமாட்டன்" என்றாள். "ஆறு வருசமா அந்தக் காலடியை மறக்காமல் வைச்சிருக்கிறன். பேந்து பாப்பம். இப்ப கம்பளத்தைச் சுருட்டுங்கோ."

கம்பளத்தைச் சுருட்டினேன். அந்த வால்ஸ் உலகத்தில் வேறெங்கும் ஒலித்தட்டாக இருக்கிறதோ தெரியாது. எங்களிடம் இருந்தது அந்த நாடா ஒன்றுதான். ரீவியில் போட்டோம். ஊம்-சா-சா தொடங்கியது. தாளில் இருந்தபடி நான் இடது காலை முன்னுக்கு வைத்தேன். அவளும் இடது காலை முன்னுக்கு வைத்தாள். முழங்காலும் முழங்காலும் மோதின.

"ஐயோ, என்னப்பா!"

"தாளிலை அப்பிடித்தானே கிடக்கு. ஆம்பிளைக்கு இடது முன்னுக்கு."

"எனக்கு ஆம்பிளையின்ர கால்தான் தெரியும். மற்றது தெரியாது."

"அப்ப நான்?"

"நீங்கள் மயூரியா நில்லுங்கோ" என்றாள். "வலது கால், பின்னுக்கு. நான் வைச்சாப் பிறகு நீங்கள். முந்தக்கூடாது."

நின்றேன். ரீவியில் மகளின் முகம் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஊம்-சா-சா ஐந்தாம் சுற்று, ஆறாம் சுற்று போயிற்று. மகளின் இடத்தில் நின்றால் ஒன்றும் செய்ய ஏலாது. முதல் அடி எதிரில் நிற்கிறவருடையது. அவர் வந்து காலை வைக்கும்வரை வலது காலைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும்.